ஒரு புள்ளடிக்கு மூண்டு பேர்

லண்டன் ஹரோவில ஒரு வீடு. வீட்டில மூண்டு பேர். மூண்டு பேருக்கும் சேத்து வாக்கு ஒண்டே ஒண்டு. கவனமாக் கேளுங்கோ, கடைசியில கேள்வி உங்களிட்டத்தான் வரும். அப்ப ஃபோனை நோண்டிக்கொண்டு முழிக்கக்கூடாது.

முதலாமாள் கமலேந்திரன். கொலண்டில பத்து வருசம் இருந்து, அந்த நாட்டுப் பாஸ்போட்டையும் எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்தவர். பதின்மூண்டு வருசமா வான் ஓடுறார். வரி கட்டுறார், செவ்வாய்க்கிழமை தவறாமல் குப்பை வாளியை வெளியில வைக்கிறார். ஆனா பொதுத்தேர்தலில வாக்கு இல்லை.

ரெண்டாமாள் அவற்ற மனிசி நேசமலர். முதியோர் இல்லத்தில வேலை. கையில இலங்கைப் பாஸ்போட். கொமன்வெல்த் நாட்டு ஆள் எண்டபடியா அவவுக்கு வாக்கு இருக்கு. வரி கட்டினவருக்கு இல்லை, அவரைக் கட்டினவவுக்கு இருக்கு! ஆனா ஒண்டு, அவ இஞ்ச இருக்கிறதே புருசன்ர ஐரோப்பியப் பாஸ்போட்டின்ர தயவில.

மூண்டாமாள் அவவின்ர தம்பி சுகந்தன். அகதி வழக்கு. ரெண்டு தரம் மறுத்தாச்சு. கடைசி விசாரணை பெப்ரவரி மூண்டாந்தேதி. அவன்ர லோயர் பிடிச்சுத் தொங்கிறது மனித உரிமைச் சட்டத்தை.

டிசம்பரில தேர்தல் வந்துது. ஃபிரிஜ்ஜில மூண்டு வேட்பாளர்மாரின்ர நோட்டீஸ் ஒட்டுப்பட்டுது. கண்ணாடி போட்ட மனிசி சொன்னா, பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகிற பிரெக்சிட்டை நிப்பாட்டுவன் எண்டு. நரைத்தாடி சொன்னார், பிரெக்சிட் வந்தா வரட்டும், மனித உரிமைச் சட்டத்தில கைவைக்க விடன் எண்டு. பல்லுத் தெரியச் சிரிச்ச மூண்டாமவர், பிரெக்சிட்டையும் முடிச்சு, அந்தச் சட்டத்துக்கும் முடிவு கட்டுறன் எண்டார்.

கமலேந்திரன் தேத்தண்ணியோட வந்தார். "இஞ்சரும் மலர், கண்ணாடிக்குப் போடும். என்ர பேப்பர் போனா உம்மட பேப்பரும் போகும்."

"ஓமப்பா."

அவர் அங்கால போக, சுகந்தன் வந்தான். "அக்கா, நரைத்தாடிக்குப் போடு. அந்தச் சட்டம் போனா என்ர லோயர் வெறுங்கையோடதான் நிப்பார்."

"ஓமடா."

ரெண்டு ஓம், ஒரு வாக்கு. ஒரு கிழமை அந்த மனிசி உப்புப் போட்ட கறிக்குத் திருப்பியும் உப்புப் போட்டுக்கொண்டு திரிஞ்சுது. பிறகென்ன, பிடிபட்டா.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டனீரோ?" எண்டு கத்தினார் கமலேந்திரன்.

"வேலையில நாலு கிழடுகளுக்கு ஒரே நேரத்தில ஓம் சொல்லிச் சொல்லிப் பழகிட்டன்."

சுகந்தன் இடையில விழுந்தான். "உங்களுக்கென்ன அத்தான், சரிவராட்டிக் கொலண்டுக்குப் போவியள். நான் எங்க போறது?"

"போகலாம்தான். உன்ர அக்காவை எந்தப் பெட்டிக்குள்ள வச்சுக் கொண்டுபோறது எண்டு நீ சொல்லு."

இரவு சாப்பாட்டு மேசையில திடீரெண்டு கமலேந்திரன் நெத்தியில அடிச்சார். "அட, ஊரில சனாதிபதித் தேர்தலில ஒண்டு, ரெண்டு எண்டு விருப்பு வாக்குப் போடுறேல்லையே? அப்பிடிப் போடும். ஒராளுக்கு ஒண்டு, மற்றாளுக்கு ரெண்டு."

எவ்வளவு பெரிய மூளை! வீட்டில மூண்டு நாள் சமாதானம். ஒண்டு ஆருக்கு, ரெண்டு ஆருக்கு எண்டு மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

தேர்தலண்டு காலமை நல்ல மழை. சுகந்தன் கதவு பூட்டிக்கொண்டு நிக்கேக்க, வானுக்குள்ள கமலேந்திரன் மெதுவாச் சொன்னார்: "ஒண்டை மச்சான்ர ஆளுக்குக் குடும். எனக்கு ரெண்டு காணும்." வாக்குப் போடுற சேர்ச் ஹோல் வாசலில இறங்கினவுடன, அவர் வான் நிப்பாட்ட இடம் தேடிப் போக, சுகந்தன் அக்காவின்ர காதுக்குள்ள சொன்னான்: "ஒண்டை அத்தான்ர ஆளுக்குக் குடு. நான் இடையில வந்தவன்தானே."

நேசமலர் உள்ள போனா. சுவரில பெரிசா எழுதிக் கிடக்கு: ஒராளுக்கு மட்டும், ஒரு X புள்ளடி. மேசையில இருந்த வெள்ளைக்காரக் கிழவரிட்ட, ரெண்டு பேருக்கு நம்பர் போடேலாதோ எண்டு கேட்டா. அவர் தலையை ஆட்டி, ஒண்டுதான் அம்மா எண்டார். பென்சிலை நூலில கட்டி வச்சிருந்தினம். அதைப் பிடிச்சுக்கொண்டு ஏழு நிமிசம் நிண்டா. பின்னால நிண்டவ ரெண்டு தரம் செருமினா.

வானுக்க ஏறினவுடன ரெண்டு ஆம்பிளையளும் அவவின்ர சின்ன விரலைப் பாத்தினம். ஊர்ப்பழக்கம். மையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை.

"நம்பர் போடேலாதாம். ஒரு புள்ளடிதானாம். போட்டுட்டன்."

"ஆருக்கு?" ரெண்டு குரலும் ஒண்டாத்தான் வந்துது.

"சொல்லமாட்டன். வானை எடுங்கோ, ரெண்டு மணிக்கு எனக்கு வேலை."

இண்டைவரைக்கும் சொல்லேல்லை.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. முதல் கேக்கேக்க ரெண்டு பேருக்கும் ஓம் எண்டா. கடைசியில ரெண்டு பேரும் கேட்டதை மாத்திக் கேட்டினம். ஒரு புள்ளடியால ரெண்டு பேருக்கும் குடுத்த வாக்கைக் காப்பாத்தலாமோ? விட்டுக்குடுத்த புருசன், விட்டுக்குடுத்த தம்பி, வாயை மூடின நேசமலர், இதில ஆர் செய்தது சரி?

விடை: காப்பாத்தலாம். கண்ணாடிக்குப் போட்டிருந்தா, கமலேந்திரன் முதல் கேட்டதும் சுகந்தன் கடைசியாக் கேட்டதும் நடந்துது. நரைத்தாடிக்குப் போட்டிருந்தா, சுகந்தன் முதல் கேட்டதும் கமலேந்திரன் கடைசியாக் கேட்டதும் நடந்துது. எங்க போட்டாலும் ஆளுக்கு ஒண்டு தேறும். அப்ப மிச்சம் நேசமலரின்ர சொந்த மனசுதான், ரெண்டு கிழமையா ஒருத்தரும் அதைக் கேக்கேல்லை. சரி செய்தது அவதான். புள்ளடிக்காக இல்லை, வாயை மூடினதுக்காக. சொல்லியிருந்தா ரெண்டு பேரில ஒராள் அந்த மேசையில தலை குனிஞ்சு சாப்பிட்டிருப்பான்.

வெண்டதோ, பல்லுத் தெரியச் சிரிச்சவர். அடுத்த நாள் காலமை ரீவியை நிப்பாட்டிப்போட்டு, கமலேந்திரன் கலண்டரில பெப்ரவரி மூண்டைச் சுத்தி வட்டம் போட்டார். "அண்டைக்கு நான் லீவு, வான் ஓடமாட்டன்."

சுகந்தன் நிமிர்ந்து பாத்தான். "அப்ப நான் கோட்டுக்கு பஸ்ஸிலயோ போறது அத்தான்?"