வள்ளத்துக்கு வந்த கடல்

அடுத்தவர் வள்ளங்களில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த சந்தியாகு, சீட்டு எடுத்த பணத்தை மடியில் கட்டிக்கொண்டு மச்சாது முதலாளியிடம் பழைய வள்ளம் வாங்கப் போனான். கடற்கரையே தன் வீட்டு முற்றம் என்று முதலாளிக்கு நினைப்பு. கட்டைமேல் ஏற்றியிருந்த பைபர் வள்ளத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து வைத்திருந்தார்.

“ஒரு பொட்டுத் தண்ணி உள்ள வராதுலே!”

“அப்ப கடல்ல இறக்கிப் பாத்துருவமா மொதலாளி?”

“முழுப் பணத்தையும் வைக்காம என் வள்ளம் கடல்ல இறங்காது.”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தியாகு தலையைச் சொறிந்தான்.

“சரிதான் மொதலாளி. வள்ளம் கடலுக்குப் போவாண்டாம். கடல் வள்ளத்துக்கு வரட்டும்.”

குடத்தில் கடல்தண்ணீரை மொண்டு மொண்டு வள்ளத்துக்குள் ஊற்றினான். முதலாளியால் தடுக்க முடியவில்லை. தடுத்தால் சொன்னது பொய்யென்று ஆகிவிடுமே. வள்ளம் பாதி நிறையுமுன்னே அடியில் பெயிண்ட் உப்பி, ஓட்டைகளை மறைக்கப் பூசியிருந்த பட்டி பெயர்ந்து, பல இடங்களில் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

முதலாளி அசரவில்லை. “உள்ள உள்ள தண்ணிதானலே வெளிய போவுது? வெளித் தண்ணி உள்ள வந்துச்சா?”

“வரலதான் மொதலாளி” என்று சந்தியாகு பயபக்தியோடு மடியை அவிழ்த்தான். “கேட்ட விலையே தாரேன். நீங்களும் ஏறுங்க. ஆழத்துக்கு ஒரு சுத்து போயிட்டு வந்து கையில வாங்கிக்கிடுங்க.”

முதலாளி கடலைப் பார்த்தார். வள்ளத்தைப் பார்த்தார்.

ஓட்டைகளை அடைக்கச் சந்தியாகுவின் கையில் பணம் தாராளமாக மிஞ்சும்படி, பாதி விலைக்கே கொடுத்துவிட்டார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அவரை ஏறச் சொல்லக் கூடாது.