இடக்கை டிரம்பெட்

இந்தப் புதிரின் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். நீங்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

திண்டுக்கல்லில் 'ஊர்வலம்' என்றொரு மாத இதழ். கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிப்பவர்கள்தான் அதன் வாசகர்கள். அட்டையில் மட்டும் எப்போதும் யாராவது ஒரு சினிமாப் பாடகர் சிரிப்பார். ஆசிரியர் மகிமைதாசுக்கு அது அலுத்துவிட்டது.

"நம்ம ஆளு அட்டையைப் பார்த்தா, 'அட, நான்'னு சொல்லணும்மா" என்றார், இதழை வடிவமைக்கும் ஜெனோவாவிடம். உள்ளே ஓர் அறிவிப்பும் போட்டார்: 'இந்த அட்டையில் தன்னைக் கண்டுகொள்ளும் வாசகருக்குப் புது டிரம்பெட் பரிசு.'

ஜெனோவா ஒரு கல்யாண ஊர்வலத்தில் எடுத்த படத்தைப் போட்டாள். சிவப்புக் கோட்டு, சரிகைப் பட்டை. முகத்தைத் தொப்பியும் டிரம்பெட்டின் வாயும் மறைத்திருந்தன.

இதழ் வந்த அன்று, பேண்டுக்காரர்கள் கூடும் டீக்கடையில் ஒரே சிரிப்பு. "எவன்டா இது, இடதுகையில வாசிக்கிறவன்?"

"நான்தான்" என்றான் தைரியம்.

அவர்கள் பேண்டுக் குழுவில் இடக்கைக்காரன் அவன் ஒருவன்தான். பீச்சாங்கை என்றே கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று அவனுக்கு எப்போதும் கடைசி வரிசை. அவன் டிரம்பெட்டில் விரலால் அமுக்கும் வால்வு வேறு சிக்கும். வைகாசிக்குள் புதிது வாங்காவிட்டால் வரவேண்டாம் என்று பேண்டு மாஸ்டர் சொல்லியிருந்தார்.

முன்வரிசைப் பன்னீர் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தான். "உன்னையத்தான்டா போட்டிருக்கு. நான் சோத்துக்கையில வாசிக்கிறவன், எனக்கு என்ன வந்துச்சு? வா, போய்ப் பரிசை வாங்கிட்டு வருவோம்."

அன்று வாசிப்பு இருந்ததால் எல்லாரும் கோட்டோடுதான் இதழ் அலுவலகத்துக்குப் போனார்கள். ஜெனோவா அவர்களைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். அவர்கள் கோட்டில் பொத்தான்கள் வலப்பக்கம். அட்டையில் இடப்பக்கம்.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஊதுகிறவர் இதழின் தையல் பக்கம் பார்த்து நிற்கிறாரே, பிரிக்கும் பக்கம் பார்க்கட்டும் என்று படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். அசல் படத்தை எடுத்தாள். வாசித்தது வலக்கை. விரலில், எதிரே நின்ற பன்னீர் போட்டிருந்த அதே மோதிரம்.

மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

"அப்ப அது நான்தானே?" என்றான் பன்னீர். "எனக்குத்தானே வரணும்?"

தைரியம் அட்டையை மட்டும் மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டான்.

மகிமைதாஸ் பரிசுப் பெட்டியைத் திறந்தபடி நிற்கிறார். சொல்லுங்கள், அந்த டிரம்பெட் யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: தைரியத்தின் இடக்கைக்கு. அறிவிப்பு 'படத்தில் இருப்பவருக்கு' என்று சொல்லவில்லை. 'தன்னைக் கண்டுகொள்ளும் வாசகருக்கு' என்றது. பன்னீர் தன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டே நான் இல்லை என்றான். பிழையாக அச்சான படம்தான். ஆனால் 'அட, நான்' என்று சொன்னவன் ஒருவனே. பன்னீருக்கு அடுத்த இதழில் படம் நேராக, பெயரோடு வந்தது. வைகாசியில் தைரியம் எந்த வரிசையில் நின்றான் என்று கேட்காதீர்கள். கடைசி வரிசைதான். வால்வு மட்டும் சிக்கவில்லை.