நாற்காலியில் உட்கார்ந்த அக்கா

மரியபுஷ்பத்தின் அக்காவைக் கடல் கொண்டுபோய்விட்டது, உடல்கூடக் கரைசேரவில்லை. அக்காவின் மகளை வளர்க்க, அரசு தரும் உதவித்தொகையைக் கேட்டுப் போனாள் புஷ்பம்.

"அவ செத்ததுக்கு என்ன சாட்சி? பெத்தவளே நேர்ல வந்து சம்மதம் சொல்லட்டும்" என்று விரட்டினார் அதிகாரி.

மறுநாள் சிறுமியோடு வந்தாள். அதிகாரிக்கு எதிரே காலி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருக்கா" என்றாள். "கேளுங்க சார், வந்திருக்கா."

அறையில் உப்புவாடை வீசியது. வாசலில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது.

அதிகாரி பதறி எழுந்து கத்தினார்: "செத்தவ எப்படி வருவா?"

"அதைத்தானே நேத்து நானும் சொன்னேன்! அப்படியே எழுதிக் கொடுங்க சார்."

அத்தனை பேர் முன்னால் சொன்னதை விழுங்க முடியுமா? எழுதிக் கொடுத்தார்.

ஜெயித்த சந்தோஷத்தில் புஷ்பம் வெளியே வந்தாள். சிறுமி திரும்பிப் பார்த்தபடியே கேட்டாள்: "சித்தி, அம்மா சேலை ஏன் இப்படி நனைஞ்சிருக்கு?"