இருபத்தேழாவது வரி

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து நான்கு. ஆகவே குரு சீடரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

இருவரும் கடற்கரையோர அலுவலகம் ஒன்றில் பொறியாளர்கள். கடலைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டுப் பார்ப்பது அவர்கள் வேலை. சுவர் கட்டினால் அலை எங்கே திரும்பும், மணல் எங்கே போகும் என்று அந்தக் கடல் முன்கூட்டியே சொல்லிவிடும். ஜன்னலுக்கு வெளியே ஒரு கடல், திரைக்குள் ஒரு கடல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எது எதுவென்று குழம்புவதும் உண்டு.

தாண்டவராயன் இருபத்தாறு வருடங்களாக மவுஸை வைத்தே அந்தக் கடலை ஆண்டுவந்தார். படத்தைத் தொட்டு இழுப்பார், கட்டங்களில் டிக் அடிப்பார். எஸ்தர் அப்படியில்லை. கறுப்புத் திரையில் வரிவரியாகக் கட்டளை அடிப்பார். கமாண்ட் லைன் என்பார்கள் அதை. வேலை முடிகிறவரை படமே இருக்காது.

“அதெல்லாம் கம்ப்யூட்டர் படிச்சவங்க வேலை. நாம சிவில்காரங்க” என்று தாண்டவராயன் கேண்டீனில் சொல்வார். ‘டைப்பிஸ்ட் எஸ்தர்’ என்று பெயரும் வைத்திருந்தார். அந்தப் பெயர் எஸ்தர் காதுக்கும் எட்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவரே எஸ்தரின் மேசையருகே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“எஸ்தரம்மா, ஒரு உதவி.”

“உட்காருங்க சார்.”

பனைமுறிக்குப்பத்துக்கு வடக்கே தூண்டில் வளைவு கட்டப்போகிறார்கள். கடலுக்குள் வளைந்து செல்லும் கல் சுவர். அதனால் குப்பத்துக்கு ஆபத்தில்லை என்று ஆறு மாதத்துக்கு முன் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் தாண்டவராயன். திங்கட்கிழமை கல் இறங்குகிறது. கோப்பில் வைக்க ஒரு படம் கேட்டார்கள் என்று காலையில் மறுபடி ஓட்டினார். திரையில் கடல் நாற்பது வீடுகளைத் தாண்டி, மாதா கோயில் வாசலில் வந்து நின்றது.

“அன்னிக்கு வரலியேம்மா. அதே சுவர், அதே கடல்.”

“அன்னிக்குப் போட்டது இருக்கா சார்?”

“அதுக்கு மேலயே சேவ் பண்ணித் தொலைச்சுட்டேன்.”

எஸ்தர் சிரிக்கவில்லை.

“கண்ணை மூடிக்கோங்க சார்.”

“எதுக்கு?”

“அன்னிக்கு என்னென்ன செஞ்சீங்களோ, முதல்லேர்ந்து சொல்லுங்க. நான் அடிச்சுக்கிட்டே வரேன்.”

தாண்டவராயன் கண்ணை மூடிக்கொண்டார். முதலில் கூச்சமாக இருந்தது. கரையிலிருந்து கடல் எப்படிச் சரிகிறது என்று சொன்னார். ஆழம் சொன்னார். மணல் எவ்வளவு பொடி என்று சொன்னார். ஒவ்வொன்றுக்கும் விசைகள் தூறல் மாதிரி விழுந்து ஓய்ந்தன. சுவர் எங்கே வளைகிறது என்று சொல்லும்போது கூச்சம் போயிருந்தது. மூடிய கண்ணுக்குள் தண்ணீர் மெல்ல ஏறி வந்தது. இத்தனை வருடத்தில் தான் கடலை இவ்வளவு பொறுமையாகப் பார்த்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கடலிலேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

“அப்புறம் சார்?”

“அப்புறம் அலை. கோடைக்காலத்து அலை. அதுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் வரும்.”

“என்ன கட்டம்?”

“வாடைக்காலத்து அலையைச் சேர்க்கணுமான்னு கேட்கும்.”

“சேர்த்தீங்களா?”

விசைகள் நின்றன. வெளியே ஒரு அலை வந்து போனது.

“டிக் அடிச்சிருப்பேன்.”

“அடிச்சிருப்பீங்களா, அடிச்சீங்களா?”

“ஞாபகம் இல்லம்மா. கை பாட்டுக்குப் போகும்.”

“அது இருபத்தேழாவது வரி. இப்போதைக்குக் காலியா விடறேன்.”

மீதியையும் சொல்லி முடித்தார். எஸ்தர் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி, கடலை இரண்டு விதமாக ஓடவிட்டார். ஓடி முடிய ஒரு மணி நேரம் ஆனது. தாண்டவராயன் கண்ணைத் திறக்கவே இல்லை. தூங்கினாரா என்று தெரியாது.

“இப்பப் பாருங்க சார்.”

திரையில் இரண்டு படங்கள் இருந்தன. வாடை இல்லாத கடல் கரையோடு நின்றது. அது ஆறு மாதத்துக்கு முன் அவர் பார்த்த அதே படம். வாடை அடித்த கடல் மாதா கோயில் வாசலில் நின்றது.

அளவெடுக்கப் போன நாளில் அந்தக் கோயில் நிழலில் உட்கார்ந்துதான் அவர் சாப்பிட்டார். குப்பத்துப் பெண் ஒருத்தி கேட்காமலே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா.”

“தெரியும் சார்.”

“நீ என்னென்ன அடிச்சியோ, எல்லாம் கம்ப்யூட்டர்ல பதிவாகி இருக்குமா?”

“எல்லாம் இருக்கும். நான் தப்பா அடிச்சதுகூட இருக்கும்.”

தாண்டவராயன் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த ரெண்டாவது கடலை அழிச்சிட முடியுமா?”

எஸ்தர் விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளிவைத்தார்.

“முடியும் சார். அழிக்கிறதுக்கும் ஒரு வரி அடிக்கணும். அதை நீங்க அடிங்க.”

தாண்டவராயன் விரல்களை விசைகளின் மேல் வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.