நெஞ்சை இடித்த பேஸ்

திசையன்விளை எலக்ட்ரானிக்ஸ் கடைக்கு, தன் பாட்டுப் பெட்டிக்கு இயர்போன் வாங்க வந்தார் ஞானதிரவியம். யூடியூபில் இயர்போன்களுக்கு மார்க் போடும் மகான். ஒவ்வொன்றாய்க் காதில் மாட்டி, கண்மூடிக் கேட்டு, “பேஸே இல்லை” என்று வீசினார்.

“நெஞ்சில இடிக்கணும்! இல்லேன்னா உங்க கடையைக் கிழிச்சு வீடியோ போட்ருவேன்.”

முதலாளிக்கு வியர்த்தது. விற்பனைப் பெண் பேச்சியம்மாள் வெளியே பார்த்தாள். எதிர்க்கடைத் திறப்பு விழாவுக்கு ஆளுயர ஸ்பீக்கர்களுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு இயர்போனை எடுத்து நீட்டினாள்.

“இதுல பேஸ் வரக் கொஞ்சம் நேரமாகும் சார். கண்ணை மூடிக் காத்திருங்க.”

காதில் மாட்டிக் காத்திருந்தார். இடித்தது.

“அடடா! இதுதான் பேஸ்! பத்துக்குப் பத்து!”

பேச்சியம்மாள் இயர்போன் ஒயரின் நுனியில் இருந்த பின்னைத் தூக்கிக் காட்டினாள். “இதை இன்னும் உங்க பெட்டியில சொருகவே இல்லை சார். இடிக்கிறது எதிர்க்கடை ஸ்பீக்கர். உங்க காதுக்கு எத்தனை மார்க்?”