ஏழு கிலோ ராஜா

செய்யாறு கூத்துக்காரர் முனிரத்தினம் டெல்லிக்குப் புறப்பட்டார். அன்று மாலை அங்கே அவருக்கு ராஜா வேஷம். மலிவு டிக்கெட் என்பதால் ஏழு கிலோ கைப்பைக்குத்தான் அனுமதி. விமானம் ஏறும் வாசலில் பையைத் தராசில் வைத்தால் பன்னிரண்டு காட்டியது.

"கூடுதல் எடைக்குப் பணம் கட்டுங்க. இல்லேன்னா இங்கேயே போட்டுட்டுப் போங்க," என்றார் மேலாளர் கஜேந்திரன். அவர் சொன்ன தொகை டிக்கெட்டைவிட அதிகம்.

"வேஷ சாமானுங்க ஐயா. இது இல்லாம ராஜா எப்படி மேடை ஏறுவாரு?"

"அது எனக்குத் தெரியாது. உடம்புல போட்டிருக்கிறதை மட்டும்தான் நாங்க எடை போட மாட்டோம்!"

முனிரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க ஐயா" என்று பையைத் திறந்தார். மரக் கிரீடம் தலைக்கு ஏறியது. கண்ணாடி பதித்த புஜக்கட்டைகள் தோளில் உட்கார்ந்தன. பின்னால் நின்றவர்கள் ஆளுக்கொரு கயிறாகப் பிடித்து முடிச்சுப் போட்டார்கள்.

"யோவ், கிரீடம் எப்படிய்யா உடுப்பாகும்?" என்று மேலாளர் கத்தினார்.

"உங்க கழுத்துல டை தொங்குதே, அது குளிருக்கா ஐயா? உத்தியோகத்துக்குத்தானே? இது என் உத்தியோகத்துக்கு."

வரிசையே சிரித்தது. மேலாளர் பையை மறுபடி தராசில் வைத்தார். நாலு கிலோதான். வழிவிட்டார்.

முனிரத்தினம் சபைக்கு வரும் ராஜாவாக ஒரு சுற்றுச் சுற்றி, விசில் சத்தத்துக்கு நடுவே விமானத்துக்குள் நுழைந்தார். பணிப்பெண் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

"மகாராஜாவுக்கு எந்த சீட்?"

"இருபத்தேழாவது வரிசை, நடு சீட்டும்மா," என்றார் ராஜா பணிவாக.