பன்னிரண்டு கைகள்

"யாரை எடுக்கறதுன்னு நான் கேட்கலை, டீச்சர். யாரை விடறதுன்னு கேட்கிறேன்."

மாசிலாமணி ஸ்கோரர் அறை வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே வந்து உட்காரக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

ஜெசிந்தா நிமிரவில்லை. கடைசி விக்கெட்டைப் பச்சை மையில் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிறம் வைத்து எழுதுவது அவர் வழக்கம். சலீம்பாஷாவுக்குப் பச்சை. பக்கத்தின் அடிப்பாகம் நாற்று நட்ட மாதிரி இருந்தது.

கீழே மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பது ரன்னில் ஜெயித்திருந்தது நம் அணி. நான்கு விக்கெட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று நிம்மதியாக நின்ற எதிரணி, அடுத்த இருபத்து மூன்று ரன்னுக்குள் மிச்சம் ஆறு பேரையும் பறிகொடுத்தது. அந்த ஆறில் ஐந்து சலீம்பாஷாவுக்கு. அதுவும் பழைய பந்தில்.

மாசிலாமணிதான் தேர்வுக் குழுத் தலைவர். நாட்டுக்காக நாற்பது டெஸ்ட் ஆடியவர். ஜெசிந்தா அவரைவிட எட்டு வயது இளையவர். பள்ளியில் கணக்கு டீச்சர், டெஸ்ட் நடந்தால் லீவு போட்டுவிட்டு ஸ்கோர் எழுத வந்துவிடுவார். பதவிக்கு வந்த முதல் மாதமே மாசிலாமணி அவரைத் தேடி வந்து, "எனக்கு ஆடத் தெரியும் டீச்சர். பார்க்கத் தெரியலை. சொல்லிக்கொடுங்க" என்றார்.

அன்றிலிருந்து அவர் மாணவர். தலைவர் டியூஷனுக்குப் போயிருக்கிறார் என்று குழுவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டார்.

"ஆறு மணிக்குள்ள பட்டியல் போகணும்" என்றார் இப்போது. "விரல் முறிஞ்சு உட்கார்ந்திருந்த மருதவாணன் திரும்ப வந்தாச்சு. ஆடலாம்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாச்சு. அவன் உள்ளே வந்தா ஒருத்தன் வெளியே போகணும்."

"யாரைச் சொல்றாங்க?"

"எல்லாரும் தயாளனைத்தான் சொல்றாங்க. முதல் இன்னிங்ஸ் ஒன்பது. ரெண்டாவதுல ரெண்டு."

"ஒன்பதுக்கு எழுபத்தொரு பந்து நின்னிருக்கார்."

"அதையும் குறையாத்தான் எழுதறான் பேப்பர்ல."

ஜெசிந்தா பேனாவை மூடினார். மாசிலாமணி இப்போதுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"அவனுக்கு முப்பத்து மூணு வயசு டீச்சர். இப்ப வெளியே போனா திரும்ப வரமாட்டான். அது எனக்குத் தெரியும். ஜெயிச்ச அன்னிக்கு ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பற பாவத்தை நான் கட்டிக்கணுமா?"

ஜெசிந்தா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார்.

"கீழே போய் பன்னிரண்டு பேருக்கும் கை கொடுத்துட்டு வாங்க, சார்."

"பதினொண்ணு."

"பன்னிரண்டு. மருதவாணனும் அங்கதானே இருக்கார்."

"வாழ்த்தெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம் டீச்சர். மணி நாலரை."

"நான் வாழ்த்தச் சொல்லலையே. கை கொடுக்கத்தான் சொன்னேன்."

மாசிலாமணி படியிறங்கினார்.

வீரர்கள் அறையில் ஐஸ்கட்டி, களிம்பு, வேர்வை எல்லாம் கலந்த ஒரு வாசனை. கடலோர மைதானம். ஐந்து நாளும் காற்றே ஈரத்துணி மாதிரி உடம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கேப்டன் முதலில் கை கொடுத்தான். சொதசொத என்றிருந்தது. சலீம்பாஷா கையும் கொடுத்து, கட்டியும் பிடித்து, மாசிலாமணியின் சட்டையை முழுசாக நனைத்துவிட்டான். மூன்றாவது கைக்குப் பிறகு அவர் பேண்ட்டில் துடைக்க ஆரம்பித்தார். ஐந்தாவதுக்குக் கர்ச்சீப் எடுத்தார்.

"கொடுங்க சார், பிழிஞ்சு தரேன்" என்றான் விக்கெட் கீப்பர்.

அறையே சிரித்தது. மாசிலாமணியும் சிரித்தார்.

தயாளன் கடைசி மூலையில் இருந்தான். பேடுகளை மடித்து, பையை மூடி, ஜிப்பை இழுத்து முடித்திருந்தான்.

"என்னப்பா, அதுக்குள்ள கட்டிட்ட?"

"சும்மாதான் சார்."

கையை நீட்டினான். ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிறவன் டாக்டர் முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். மாசிலாமணியால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. நோட்டுத்தாள் மாதிரி இருந்த அந்தக் கையைச் சட்டென்று விட்டுவிட்டு நகர்ந்தார்.

மருதவாணன் கதவோரம் நின்றிருந்தான். வலது கையில் தண்ணீர் பாட்டில். இடது கையைக் கொடுத்தான்.

"அடுத்த மேட்சுக்கு நான் ரெடி, சார்."

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. வயசில் மூத்தவனுக்கு இடது கையா? பெரிய ஆட்டக்காரன், கொஞ்சம் திமிர் இருக்கத்தான் செய்யும் என்று விழுங்கிக்கொண்டு மேலே ஏறினார்.

"கொடுத்தாச்சு டீச்சர்."

"எப்படி இருந்துச்சு?"

"எப்படி இருக்கும்? ஒரே ஈரம். என் பேண்ட்டைப் பாருங்க."

"பன்னிரண்டுமா?"

மாசிலாமணி பேண்ட்டைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"தயாளன் கை காய்ஞ்சிருந்துச்சு."

ஜெசிந்தா மேசை மேலிருந்த பைனாகுலரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். கீழே புல்வெளி காலியாகக் கிடந்தது. பார்க்க அங்கே எதுவும் இல்லை. இருந்தும் மாசிலாமணி கண்ணில் வைத்தார்.

வைத்த பிறகு, நடந்து முடிந்த ஆட்டம் எல்லாம் தெரிந்தது.

ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கீப்பர் அதைத் தயாளனுக்குத்தான் எறிந்தான். வேறு யாரிடமாவது போனால் அவர்கள் இரண்டு விரல் நுனியில் பிடித்து, சுடுகிற வடையைப் போல அவனிடம் தள்ளிவிட்டார்கள். அவன் ஒரு பக்கத்தைத் தேய்த்தான், மறுபக்கத்தைக் காத்தான். சலீம்பாஷா ஓட ஆரம்பிக்கும் இடத்துக்குப் போய் நின்ற பிறகுதான் பந்து அவன் கைக்குப் போனது. பழைய பந்து காற்றில் வளையவேண்டும் என்றால் அதன் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு சொட்டு வேர்வை படக்கூடாது. மாசிலாமணிக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஐந்து நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், மணி பார்க்காமல் கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி.

பைனாகுலரை இறக்கினார்.

"அந்த அஞ்சு விக்கெட்டும்..."

"சலீம்பாஷாவுக்குத்தான் எழுதியிருக்கேன்" என்றார் ஜெசிந்தா. "எங்கிட்ட அதுக்குத்தான் கட்டம் இருக்கு."

"தயாளனை விடமாட்டேன். அடுத்த மேட்சும் கடலோரம்தான். யார் என்ன எழுதினாலும் சரி."

"சரி."

"அப்ப யாரை விடறது?"

"பத்து ஈரம். ஒண்ணு காய்ஞ்சது. பதினொண்ணாச்சு. கணக்கு இன்னும் முடியலையே, சார்."

"பன்னிரண்டாவது மருதவாணன். அந்தத் திமிர் பிடிச்சவன் எனக்கு இடது கையை..."

நிறுத்தினார்.

ஜெசிந்தா புத்தகத்தை மூடி, ஐந்து நிறப் பேனாக்களையும் ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். "அஞ்சு நாளா தண்ணி கொண்டுபோனதும் அந்த இடது கையாலதான்" என்றார், டப்பாவிடம் சொல்வது போல.

மாசிலாமணி இரண்டிரண்டு படியாக இறங்கினார். ஐம்பத்திரண்டு வயது முட்டி முனகியது.

மருதவாணன் கதவோரமேதான் நின்றிருந்தான்.

"பாட்டிலைக் கீழே வைப்பா."

"சார்?"

"வை."

வைத்தான். கட்டைவிரலும் இரண்டு விரலும்தான் அதைப் பிடித்திருந்தன. மற்ற இரண்டும் ஒதுங்கி நின்றன. மாசிலாமணி வலது கையை நீட்டினார். வேறு வழியில்லாமல் அவனும் நீட்டினான். அவர் அழுத்தக்கூட இல்லை, லேசாக மூடினார். அவன் முகம் வெளுத்தது.

"டாக்டர் பார்த்தாரே?"

"பார்த்தார் சார். மெதுவாப் போட்ட பத்துப் பந்து ஆடிக் காட்டினேன்."

"ஏன்டா சொல்லலை?"

"ஜெயிக்கிற டீம் சார். வெளியே இருந்தா மறந்துடுவாங்க."

மாசிலாமணி அந்தக் கையை, முட்டையைத் திரும்பக் கூட்டில் வைப்பது போல, அவன் பக்கத்தில் விட்டார்.

"நான் மறக்கமாட்டேன். நீ விரலைப் பார்த்துக்கோ."

பட்டியலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அதுவும் சலீம்பாஷாவின் வேர்வையில் ஈரமாகியிருந்தது. மருதவாணன் பெயருக்கு எதிரே தானே போட்டிருந்த டிக்கைக் கோடு போட்டு அடித்தார். கையெழுத்துப் போட்டார்.

அறை மெல்ல அடங்கியது. கீப்பர்கூட வாயை மூடிக்கொண்டான்.

"அடுத்த மேட்சுக்கும் இதே பதினொரு பேர்" என்றார் மாசிலாமணி.

அறை வெடித்தது. யாரோ பெஞ்சில் தாளம் போட, வெளியே மேளக்காரர்கள் என்ன ஏது என்று தெரியாமலே அதை வாங்கிக்கொண்டார்கள். சலீம்பாஷா மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு மூலைக்குப் போய், தயாளனின் பையைப் பிடுங்கி, ஜிப்பைத் திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் உருளத் தலைகீழாகக் கொட்டினான்.

தயாளன் எழுந்திருக்கவில்லை. சிதறிக் கிடந்த கிளவுஸையும் பேடையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

மாசிலாமணி அவன் முன்னால் போய்க் கையை நீட்டினார். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன இரண்டும்.

அவர் கர்ச்சீப்பைத் தேடவில்லை.

"டேய்" என்றார் மாசிலாமணி. "இந்தக் கையோட பந்துகிட்டப் போயிடாதே."